நான்கு தொகுப்பறைகள், ஒரு நாஸ், பின்கட்டில் ஒரு கிரேடிங் அறை: 10 ஜிகாபிட்டுக்குச் செம்பா, ஃபைபரா?

தொகுப்பறை_சாலிகிராமம்:

அனைவருக்கும் வணக்கம். சாலிகிராமத்தில் பழைய மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, விளம்பரப் படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் படத்தொகுப்பு செய்து தருகிறோம். தொகுப்பு என் தொழில். நெட்வொர்க்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சுவிட்சில் விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்பது மட்டுமே. மூன்று பேர் மூன்று விதமாக யோசனை சொல்லிவிட்டதால், பணத்தைச் செலவழிக்கும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மாடியில் நான்கு அறைகள் உள்ளன. இரண்டில் மேக் ஸ்டுடியோவும் இரண்டில் நாங்களே பூட்டிய விண்டோஸ் கணினிகளும் இருக்கின்றன. கீழே மாடிப்படிக்கு அடியிலுள்ள சிறு அறையில் எட்டு ஹார்டு டிஸ்க் கொண்ட நாஸும் (எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) 1 ஜிகாபிட் சுவிட்சும் வைத்திருக்கிறோம். அங்கிருந்து அறைகளுக்குச் செல்லும் கேபிள்களின் நீளம் ஏறத்தாழ 15, 22, 28, 35 மீட்டர். அவை 2017 இல் கேட் 6 (செம்பு நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று சொல்லி இழுக்கப்பட்டவை. வளாகத்தின் பின்கட்டில் கலர் கிரேடிங் (படத்தின் நிறங்களைச் சீராக்கும் வேலை) அறை ஒன்றைப் புதிதாக அமைத்திருக்கிறோம். கேபிள் போகும் வழியில் அளந்தால் 70 மீட்டர் வருகிறது. அந்தக் கட்டடத்துக்கு மின் இணைப்பும் எர்த்தும் தனி.

எங்கள் கோப்புகள் பெரும்பாலும் 4கே, வினாடிக்கு 25 ஃபிரேம், புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவம். ஒரு கேமராவின் காட்சி நாஸிலிருந்து நேரடியாக ஓடுகிறது. இரண்டாவது கேமராவைச் சேர்த்தால் படம் திக்குகிறது. அதனால் ஒவ்வொருவரும் தம் கணினியின் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறோம். 1 டெராபைட் நகலாக இரண்டரை மணி நேரம் ஆகிறது. காலை ஆறு மணிக்கு வரும் உதவித் தொகுப்பாளர் பத்து மணி வரை நகலெடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

விற்பனையாளர் ஒருவர், எல்லா இடத்துக்கும் கேட் 8 கேபிள் இழுத்துவிட்டால் அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்கிறார். நண்பர் ஒருவர், நாஸில் நான்கு 1 ஜிகாபிட் போர்ட்கள் இருக்கின்றனவே, நான்கையும் இணைத்துவிட்டால் செலவே இல்லாமல் நான்கு மடங்கு வேகம் கிடைக்கும் என்கிறார். எங்கள் கலரிஸ்ட், தண்டர்போல்ட் 40 ஜிகாபிட் தரும்போது 10 ஜிகாபிட்டைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார். நாஸில் 10 ஜிகாபிட் கார்டு செருக ஓர் இடம் காலியாக இருக்கிறது. நான் எந்த வழியில் போவது நல்லது?

பெருங்குடிவாசி:

முதலில் உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை என்று கணக்குப் போட்டுவிடுவோம். நீங்கள் சொல்லும் வகைக் கோப்பு வினாடிக்கு 737 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 92 மெகாபைட் கேட்கும். 1 ஜிகாபிட் ஈதர்நெட்டில், பொட்டலத் தலைப்புகளுக்குப் போக, உண்மையில் கிடைப்பது 110 முதல் 117 மெகாபைட். ஒரு கேமரா ஓடி இரண்டாவது திக்குவதற்கு இதுவே காரணம். உங்கள் சாதனங்களில் பழுது எதுவும் இல்லை. குழாயின் அளவு அவ்வளவுதான். 1 டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம் என்பதும் இதே கணக்கில் அப்படியே பொருந்துகிறது.

ஓர் அறையில் மூன்று கேமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டினால் 276 மெகாபைட் வேண்டும். 2.5 ஜிகாபிட் இணைப்பு நடைமுறையில் 280 மெகாபைட் அளவுக்குத்தான் தரும் என்பதால், கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பதுபோல் ஆகிவிடும். நான்கு அறைகளிலும் ஒரே நேரத்தில் மூன்று காட்சிகள் ஓடினால் 1,100 மெகாபைட். அது ஒரு 10 ஜிகாபிட் இணைப்பின் முழுக் கொள்ளளவு. ஆகவே நாஸுக்கு ஒரு 10 ஜிகாபிட், அறைகளுக்கும் 10 ஜிகாபிட் என்பது உங்களுக்கு ஆடம்பரம் அன்று.

நண்பர் சொன்ன நான்கு போர்ட் இணைப்பைப் பற்றி. எல்ஏசிபி என்ற அந்த முறை, எந்தக் கணினி எந்தக் கம்பியில் போக வேண்டும் என்பதை முகவரியைக் கொண்டு பிரித்துவிடும். ஒரே பரிமாற்றத்தை நான்கு கம்பிகளில் பகிர்ந்து அனுப்பாது. நான்கு பேர் நான்கு கம்பிகளில் போகலாம், அல்லது முகவரிக் கணக்கு சரியாக அமையாமல் மூன்று பேர் ஒரே கம்பியில் நெருக்கிக்கொண்டும் போகலாம். எப்படியானாலும் ஒரு தனி அறைக்குக் கிடைப்பது 1 ஜிகாபிட்டைத் தாண்டாது. உங்கள் சிக்கலே ஒரு தனி அறைக்குள் இருப்பதால், இந்த யோசனையால் உங்களுக்குப் பயனில்லை.

தண்டர்போல்ட் வேகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மேசைக்கும் மேசையருகே இருக்கும் பெட்டிக்கும் இடையிலான தொழில்நுட்பம். 40 ஜிகாபிட் செல்லும் செம்பு கேபிள் இரண்டு மூன்று மீட்டருடன் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒளியிழை வைத்த தண்டர்போல்ட் கேபிள்கள் உண்டு; விலையைக் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவீர்கள். நான்கு அறைகளைச் சேர்ப்பதற்குச் சுவிட்ச் வேண்டும், தண்டர்போல்ட்டுக்கு அப்படி ஒரு சுவிட்ச் சந்தையில் கிடையாது. அதை ஓரிடத்தில் மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: கேமரா கார்டுகளிலிருந்து நகலெடுக்கும் வேலையை நாஸின் பக்கத்திலேயே ஒரு கணினியை வைத்துச் செய்தால், கார்டு ரீடருக்கு அது பொருத்தமாக இருக்கும்.

கேட் 8 இழுக்கச் சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கேபிளின் முழு வேகத்தில் ஓடும் சுவிட்ச் ஒன்றுக்கு விலைப்பட்டியல் தர முடியுமா? கேட் 8 என்பது தரவு மையங்களின் ரேக்குகளுக்குள் 25, 40 ஜிகாபிட் அனுப்புவதற்காக வகுக்கப்பட்டது. 2016 இல் வந்த அந்தத் தரநிலையிலேயே தூரம் 30 மீட்டர்தான். உங்கள் கடைசி அறை 35 மீட்டரில் இருக்கிறது. அந்த வேகத்துக்கான ஆர்ஜே45 (செம்பு நெட்வொர்க் கேபிளின் வழக்கமான முனை) கார்டையும் சுவிட்சையும் கடைகளில் காண்பது குதிரைக் கொம்பு. நீங்கள் கேட் 8 இழுத்தாலும் அது கேட் 6ஏ (கேட் 6க்கு அடுத்த தரம்) செய்யும் வேலையைத்தான் செய்யும். தடிமனான, வளையாத கேபிளைப் பழைய வீட்டின் குழாய்க்குள் நுழைக்கும் பாடு மட்டும் கூடுதல்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு சோதனை செய்துவிடுங்கள். நாஸுக்குள்ளேயே, நெட்வொர்க்கைத் தொடாமல், எஃப்ஐஓ போன்ற கருவியைக் கொண்டு நான்கு பெரிய கோப்புகளை ஒரே நேரத்தில் படித்துப் பாருங்கள். எட்டு ஹார்டு டிஸ்க் சேர்ந்து ஒரே கோப்பை வரிசையாகப் படிக்கும்போது 1,000 மெகாபைட்டைத் தொடலாம். ஆனால் நான்கு பேர் நான்கு இடங்களிலிருந்து கேட்கும்போது ஊசி அங்குமிங்கும் ஓட வேண்டியிருப்பதால், பாதிக்கும் கீழே இறங்குவது வழக்கம். நாஸ் நிறைய நிறைய வேகம் இன்னும் குறையும், ஏனென்றால் தட்டின் வெளிவட்டத்தில் 250 மெகாபைட் படிக்கும் டிஸ்க் உள்வட்டத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான் படிக்கும். அந்த எண் தெரியாமல் சுவிட்ச் வாங்குவது, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று பார்க்காமல் மோட்டார் வாங்குவதைப் போன்றது.

ரேக்முனி:

பெருங்குடிவாசியின் கணக்கு சரி. நான் செம்பு வேண்டாம் என்ற கட்சி; அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்ஜே45 முனையில் 10 ஜிகாபிட் அனுப்பும் முறை 2006 இல் தரநிலையானது. நான்கு ஜோடிச் செம்புக் கம்பிகளில் அவ்வளவு தரவை 100 மீட்டருக்கு அனுப்ப, இரு முனைகளிலும் உள்ள சிப்புகள் ஓயாமல் எதிரொலியை நீக்கி, பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உழைப்பு வெப்பமாக வெளியே வருகிறது. எஸ்எஃப்பி பிளஸ் என்பது வேண்டிய மாட்யூலைச் செருகிக்கொள்ளும் 10 ஜிகாபிட் போர்ட். அதில் செருகும் ஆர்ஜே45 மாட்யூல் ஒன்று 2.5 வாட் அளவுக்கு எடுக்கும். அதே போர்ட்டில் ஃபைபர் மாட்யூல் 1 வாட்டுக்குள் அடங்கும். இரு முனைகளிலும் மாட்யூல் பொருத்தியே வரும் டிஏசி செம்பு கேபிளோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட எடுப்பது அரிது.

எண்ணாகப் பார்த்தால் இது சிறியதாகத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், மின்விசிறி இல்லாத சிறு சுவிட்ச் ஒன்றில் அடுத்தடுத்த நான்கு போர்ட்களில் இத்தகைய ஆர்ஜே45 மாட்யூல்களைச் செருகிவிட்டு வந்தேன். காலை முழுவதும் நன்றாக ஓடியது. மதியம் ஒன்றே கால் மணிக்கு இணைப்பு அறுந்தது, இரண்டரை மணிக்குத் தானாக வந்தது. மூன்று நாள் இதே கதை. கேபிளை மாற்றினேன், மென்பொருளை மாற்றினேன். நான்காம் நாள் மதியம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: உணவு இடைவேளைக்குப் போகும்போது யாரோ ஒருவர் சிக்கனம் கருதி ஏசியை அணைத்துவிட்டுப் போகிறார். மாட்யூலை வெளியே இழுத்தபோது விரலால் பிடிக்க முடியவில்லை. ஒரு போர்ட் விட்டு ஒரு போர்ட்டில் செருகி, ஒரு சிறு விசிறியையும் வைத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது.

உங்கள் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில், காற்றோட்டமே இல்லாத இடத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மேலும், இத்தகைய மாட்யூல்களில் பெரும்பாலானவை 10 ஜிகாபிட்டில் 30 மீட்டருக்குத்தான் உறுதி தருகின்றன. பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் அது இருக்கும். உங்கள் 35 மீட்டர் அறை அதிலும் வெளியே நிற்கிறது.

எனவே எட்டு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் கொண்ட சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். நாஸும் சுவிட்சும் ஒரே அறையில் இருப்பதால் அவற்றுக்கு இடையே 1 மீட்டர் டிஏசி போதும். அறைகளுக்கு ஓஎம்3 என்ற மல்டி மோடு வகை (குறைந்த தூரத்துக்கானது) ஃபைபர் இழுங்கள். நீலப்பச்சை உறை போட்டிருக்கும். 10 ஜிகாபிட்டில் அது 300 மீட்டர் போகும். நாளை 25 ஜிகாபிட்டுக்கு மாறினாலும் மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும், 70 மீட்டர் வரை அதே இழை ஏற்கும். விண்டோஸ் கணினிகளுக்கு ரிச்சி தெருவில் சர்வர்களிலிருந்து கழற்றிய பழைய இன்டெல் எக்ஸ்520 கார்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அந்தக் கார்டை வாங்கும்போது இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனக்கு அறிமுகமில்லாத நிறுவனத்தின் மாட்யூலைச் செருகினால் அது ஏற்க மறுக்கும். ஆகவே இன்டெல் குறியீடு பதித்த மாட்யூலாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, அது சர்வர் பெட்டியின் பலத்த காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டது. மேசைக் கணினிக்குள் அதன் மீது காற்றுப் படும்படி ஒரு விசிறியைத் திருப்பி வைக்காவிட்டால், மேலே சொன்ன கதை உங்கள் அறையிலும் நடக்கும்.

மதுரைக் கேபிள்:

ரேக்முனி ஐயா சொன்ன வெப்பக் கதையை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த வெப்பத்துக்குக் காரணம், எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டில் ஆர்ஜே45 மாட்யூலைத் திணித்தது. ஆர்ஜே45 போர்ட்களையே பிறவியிலேயே கொண்ட, உள்ளே விசிறி வைத்த 10 ஜிகாபிட் சுவிட்ச் வேறு சாதி. அதில் 30 மீட்டர் என்ற தடையும் இல்லை.

ஐயா கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. கேட்டவர் வைத்திருக்கும் மேக் ஸ்டுடியோக்களில் 10 ஜிகாபிட் ஆர்ஜே45 போர்ட் ஏற்கெனவே இருக்கிறது. சுவிட்ச் 1 ஜிகாபிட் என்பதால் அது அடங்கிக் கிடக்கிறது. ஃபைபர்தான் என்று முடிவெடுத்தால், அந்தப் போர்ட்டைச் சும்மா விட்டுவிட்டு, தண்டர்போல்ட்டிலிருந்து எஸ்எஃப்பி பிளஸுக்கு மாற்றும் பெட்டிகள் இரண்டைத் தனியாக வாங்க வேண்டும். கையில் இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கச் சொல்கிறீர்கள்.

2017 இல் போட்ட கேட் 6 கேபிளையும் தூக்கிப் போட வேண்டாம். கேட் 6ஏ இருந்தால் 100 மீட்டர். வெறும் கேட் 6 என்றால் நல்ல சூழலில் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் போகும். பல கேபிள்களை நீள நெடுகக் கட்டாகக் கட்டியிருந்தால் ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குள் புகுந்து, அந்தத் தூரம் 37 மீட்டராகக் குறையலாம். உங்களுடையது 35 மீட்டர். ஆகவே கட்டை அவிழ்த்துக் கேபிள்களைச் சற்றுத் தளர்த்திவிடுவது நல்லது.

ஆனால் அது உண்மையான செம்பா என்பதுதான் எனக்குள்ள ஐயம். நம் ஊர்க் கடைகளில் கேட் 6 என்று அச்சடித்து, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிளைத் தாராளமாக விற்றார்கள், இன்னும் விற்கிறார்கள். அது 1 ஜிகாபிட்டில் முனகாமல் ஓடும். 10 ஜிகாபிட்டில் காலை வாரிவிடும். கண்டுபிடிப்பது எளிது. கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நுனி கைக்கு எட்டாவிட்டால் மல்டிமீட்டர் போதும். கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, பழைய பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள குட்டிக் கேபிள்) ஒன்றை வெட்டி அந்த முனையில் செருகி, நீல ஜோடியின் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். இந்த முனையில் அதே ஜோடியின் தடையை ஓமில் அளந்து, மீட்டரின் கம்பிகளுக்கே உரிய தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல செம்பாக இருந்தால் 35 மீட்டருக்கு 5 அல்லது 6 ஓம் காட்டும். 7ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். 9 காட்டினால் பேசவே வேண்டியதில்லை.

பிறகு மேக் ஸ்டுடியோ ஒன்றைக் கீழே தூக்கி வந்து, இடையில் சுவிட்ச் இல்லாமல் அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் இரண்டு மேக்குகளைச் செருகி, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். 9.4 ஜிகாபிட் வந்து, பிழைக் கணக்கும் ஏறாமல் இருந்தால், அந்தக் கேபிளை இன்னும் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது.

தொகுப்பறை_சாலிகிராமம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த வார இறுதியில் மூன்று சோதனைகளையும் செய்துவிட்டு எண்களுடன் வருகிறேன். மதுரை அண்ணா, வீட்டுக்குள் செம்பு போதும் என்றால், பின்கட்டுக்கும் கேட் 6ஏ இழுத்துவிடலாமா? 70 மீட்டர்தானே, 100க்குள் வருகிறது.

மதுரைக் கேபிள்:

கூடாது தம்பி. செம்புக்காக வாதாடிய நானே சொல்கிறேன், பின்கட்டுக்கு ஃபைபரைத் தவிர வேறு எதையும் கொண்டுபோகாதீர்கள். இங்கே தூரம் ஒரு பொருட்டே அன்று. இரண்டு கட்டடங்களுக்கும் மின் இணைப்பும் எர்த்தும் தனித்தனி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு எர்த்துக்கும் இடையே எப்போதும் சிறிது மின்னழுத்த வேறுபாடு இருக்கும். நடுவே உலோகக் கம்பி ஒன்றைக் கட்டிவிட்டால், அந்த வேறுபாடு உங்கள் கேபிளின் வழியாகத் தன்னைச் சமன் செய்துகொள்ளப் பார்க்கும். கேட் 6ஏயில் உலோக உறை உள்ள வகை என்றால் அது இன்னும் வசதியான பாதை. ஐப்பசி மழையில் அருகிலுள்ள மரத்தில் இடி விழுந்தால் போதும், நேரடியாக உங்கள் மேல் விழ வேண்டியதில்லை. சுவிட்ச், நாஸின் கார்டு, கிரேடிங் கணினியின் மதர்போர்டு மூன்றும் ஒரே நொடியில் போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

இங்கே நான் ஓஎம்3 சொல்ல மாட்டேன், நெடுந்தூரத்துக்குப் பயன்படும் சிங்கிள் மோடு ஃபைபர் என்றே சொல்வேன். காரணம் எளிமையானது: நாளை எலி கடித்தோ மண்வெட்டி பட்டோ இழை அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்? வீடுகளுக்கு ஃபைபர் இணையம் கொடுக்கும் பையன்கள் ஒவ்வொரு பேட்டையிலும் ஸ்ப்ளைசிங் மெஷினுடன் சுற்றுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது எல்லாம் சிங்கிள் மோடு. மல்டி மோடு இழையை அவர்களில் பலர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கான 10 ஜிகாபிட் எல்ஆர் மாட்யூல் 10 கிலோமீட்டர் போகக்கூடியது. 70 மீட்டருக்கு வைத்தால் வெளிச்சம் அதிகமாகிக் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், எல்ஆர் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

அவர்களிடம் வேலை கொடுக்கும்போது ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வீட்டு இணைப்புகளுக்குப் பழகிய கை என்பதால், கேட்காமலேயே பச்சை நிற எஸ்சி முனையைப் போட்டுவிடுவார்கள். அந்தப் பச்சை முனையின் கண்ணாடி சற்றுச் சாய்வாகத் தீட்டப்பட்டது. உங்கள் மாட்யூலுக்கு வேண்டியது நீல நிறத்து எல்சி முனை, இரண்டு இழைக்கும். பச்சையையும் நீலத்தையும் அடாப்டர் வைத்து ஒட்டினால் இடையில் காற்றிடைவெளி விழுந்து ஒளி வீணாகும். இணைப்பு வந்தாலும் வரும், திடீரென்று போனாலும் போகும்.

கேபிளை நான்கு இழை உள்ளதாக வாங்குங்கள். இரண்டு இன்றைக்கு, இரண்டு எலிக்கு. எலிக்குப் பயந்து எஃகுக் கவசம் போட்ட கேபிளைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கவசமே இரண்டு கட்டடங்களுக்கும் இடையே உலோகப் பாதையாகிவிடும். பிறகு ஃபைபர் போட்ட பலன் பாதி போய்விடும். உலோகமே இல்லாத வகையை வாங்கி, அதைத் தடிமனான எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிடுங்கள். முனைகளைச் செருகுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதற்குரிய துடைப்பானால் துடையுங்கள். சட்டை நுனியால் துடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரேக்முனி:

பின்கட்டு விஷயத்தில் மதுரைக்காரர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். மேக் ஸ்டுடியோ போர்ட்டைக் கவனிக்காமல் விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் கணினிகளுக்கு மட்டும் என் கருத்து மாறவில்லை, ஆனால் நான்கு அறைகளில் இரண்டு செம்பு, இரண்டு ஃபைபர் என்று கலந்து வைத்து உங்களைக் குழப்ப விரும்பவில்லை.

தொகுப்பறை_சாலிகிராமம்:

சோதனை முடிந்தது. எண்களை அப்படியே தருகிறேன்.

மல்டிமீட்டரில் 15 மீட்டர் கேபிள் 2.6 ஓம், 22 மீட்டர் கேபிள் 3.7, 28 மீட்டர் கேபிள் 4.7 காட்டின. கடைசி அறையின் 35 மீட்டர் கேபிள் 9.2 காட்டியது. சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த அறை மட்டும் இரண்டு ஆண்டுகள் கழித்துச் சேர்க்கப்பட்டது, கேபிள் இழுத்தவரும் வேறு ஆள். முதல் மூன்று கேபிள்களிலும் இரண்டு மேக்குகளுக்கு இடையே 9.41 ஜிகாபிட் வந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு பிழைகூட இல்லை. கடைசிக் கேபிளில் இணைப்பு 10 என்று காட்டவே இல்லை, 5 ஜிகாபிட்டில் வந்து நின்றுவிட்டது.

நாஸின் கணக்குதான் வருத்தமாக இருக்கிறது. ஒரே கோப்பைப் படித்தால் 940 மெகாபைட். நான்கு கோப்புகளை ஒன்றாகப் படித்தால் எல்லாம் சேர்ந்து 430. நாஸ் எண்பது விழுக்காடு நிறைந்திருக்கிறது. அப்படியானால் 10 ஜிகாபிட் போட்டும் பலன் இல்லையா?

பெருங்குடிவாசி:

பலன் இருக்கிறது, எதிர்பார்ப்பை மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும். 430 மெகாபைட் என்றால் வீடு முழுவதற்கும் சேர்த்து நான்கு எச்க்யூ காட்சிகள் ஓடும். இன்று அறைக்கு ஒன்றாக ஓடினாலும் நாஸின் ஒற்றை 1 ஜிகாபிட் கம்பியில் எல்லோருக்கும் சேர்த்தே ஒன்றுதானே போக முடிகிறது. ஒருவர் மட்டும் விடியற்காலையில் நகலெடுக்கும்போது 940 மெகாபைட் முழுதாகக் கிடைக்கும் என்பதால், 1 டெராபைட் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுதப்படும் எஸ்எஸ்டியும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும், சாட்டா வகையாக இருந்தால் 550 மெகாபைட்டில் அதுவே தடையாகி அரை மணி நேரமாகும்.

இந்த எண்களைப் பார்த்த பிறகு, பணம் இந்த வரிசையில் போகட்டும் என்பேன். ஆர்ஜே45 போர்ட்களும் இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்களும் கொண்ட, விசிறி உள்ள 10 ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று. நாஸுக்கு எஸ்எஃப்பி பிளஸ் கார்டும் 1 மீட்டர் டிஏசியும். பின்கட்டுக்குச் சிங்கிள் மோடு ஃபைபர். கடைசி அறைக்கு மட்டும் புதிய கேட் 6ஏ. விண்டோஸ் கணினிகளுக்கு ஆர்ஜே45 கார்டு வாங்கும்போது, மதர்போர்டில் அது போய் உட்காரும் இடம் பார்வைக்கு நீளமாக இருந்தாலும் உள்ளே ஒரே ஒரு லேன் (தரவு செல்லும் பாதை) மட்டும் இணைத்திருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். பிசிஐஇ 2.0 வகையில் ஒரு லேன் 500 மெகாபைட்டுடன் நின்றுவிடும்.

புதிய டிஸ்க் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். முடிந்துபோன படங்களை வெளியே எடுத்து நாஸைப் பாதியாகக் குறையுங்கள். மூன்று நான்கு கேமராக்களை ஒன்றாக ஓட்டும் வேலைகளுக்குப் புரோரெஸ் பிராக்ஸி (தொகுப்பதற்கான சிறிய, தரம் குறைந்த நகல்) செய்துகொண்டு தொகுத்துவிட்டு, கிரேடிங்குக்கு மட்டும் எச்க்யூவுக்குத் திரும்புங்கள். 1080 அளவில், 25 ஃபிரேமில் அது வினாடிக்கு 38 மெகாபிட், அதாவது 5 மெகாபைட்டுக்கும் குறைவு. அப்போதும் மூச்சு முட்டினால், நடப்புப் படங்களுக்காக மட்டும் ஒரு சிறு எஸ்எஸ்டி தொகுதியைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவோம்.

எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தில் போகும் பைட்டுகளின் உச்ச அளவை, 9000 ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள். 1500 இலேயே உங்களுக்கு 9.41 வந்துவிட்டது, 9000 ஆக்கினால் 9.9 வரை போகும். சுவிட்ச், நாஸ், ஐந்து கணினிகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல மாற்றாமல் ஒன்றை மறந்துவிட்டால், சிறு கோப்புகள் திறக்கும், பெரிய கோப்புகள் தொங்கி நிற்கும்; காரணத்தைத் தேடி ஒரு நாள் போய்விடும். அந்த அரை ஜிகாபிட்டை விட்டுவிடுங்கள்.

தொகுப்பறை_சாலிகிராமம்:

அப்படியே செய்கிறேன். கடைசி அறைக்குப் புதிய கேட் 6ஏ இழுக்க, மாடிப்படிச் சுவரில் ஏற்கெனவே ஏசிக்கான மின்கம்பி போகும் குழாயில் இடம் இருக்கிறது என்கிறார் எலக்ட்ரீஷியன். அதிலேயே விட்டுவிடலாமா?

மதுரைக் கேபிள்:

வேண்டாம். மின்கம்பியும் டேட்டா கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது. இரைச்சல் இருக்கட்டும், உறை உரசித் தேய்ந்தால் 230 வோல்ட் நேராக உங்கள் சுவிட்சுக்கு வரும். ஒரு சாண் தள்ளி, 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைத் தனியாக அடிக்கச் சொல்லுங்கள். மின்கம்பியைக் குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். கேட் 6ஏ தடிமனானது, எல்போ வளைவில் மடங்கும். நீண்ட வளைவு பென்ட் போடச் சொல்லி, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள்.